அப்பாயி பிறந்த லயம்

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை இரவு. எங்கள் வீட்டு ஹாலில் நான், என் மகன், என் அப்பாவைப் பெற்ற அப்பாயி மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியாவுக்கு வியட்நாமோடு ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக் காற்பந்து ஆட்டம். அப்பாயிக்கு 82 வயது, ஒரு கண் மங்கல். ஆனாலும் காற்பந்து என்றால் டிவிக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலியை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். தோட்டத்துத் திடலில் ஆட்டம் நடந்த காலத்தில், ரப்பர் பால் வெட்டி முடித்து, குளித்த ஈரத் தலையோடு கோட்டோரம் வந்து நின்று பார்த்த பழக்கம் அது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் நான்கு. 2014க்குப் பிறகு வியட்நாமை நாம் ஜெயித்ததே இல்லை என்பதால், மூன்றாவது கோலுக்கு என் மகன் சோபா மேல் ஏறி நின்றுவிட்டான். நானும் அவனைத் திட்டவில்லை.

இரண்டாவது கோலைப் போட்டவர் ரோட்ரிகோ ஹோல்காடோ. அப்பாயி கேட்டார்: "யாருப்பா இந்தப் பையன்? வெள்ளைக்காரப் புள்ள மாதிரி இருக்கான்?"

"அர்ஜென்டினாக்காரன் அப்பாயி. இவங்க தாத்தாவோ பாட்டியோ நம்ம நாட்டுல பொறந்தவங்களாம். அப்படி இருந்தா நம்ம நாட்டுக்கு ஆடலாம். அதுதான் ரூல்."

அப்பாயி முகம் மலர்ந்துவிட்டது. கடல் தாண்டிப் போன யாரோ ஒருவரின் பேரன் திரும்பி வந்திருக்கிறான் என்றால் அவருக்குச் சந்தோஷம்தான். "அப்படியா! எந்த ஊருல பொறந்தாங்களாம்?"

எனக்குத் தெரியவில்லை. "எங்கயோ சொன்னாங்க, மறந்துடுச்சு" என்று சமாளித்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் நான்கு மாதம் கழித்து வந்தது. செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை, ஃபிஃபா தன் முடிவை அறிவித்தது. அந்த ஆட்டத்தில் ஆடிய ஏழு பேரின் ஆவணங்கள் போலி என்று சொல்லி, ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, தலைக்கு 2,000 சுவிஸ் பிராங்க் அபராதம். மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க். அக்டோபரில் முழு விளக்க அறிக்கை வெளிவந்தபோதுதான் ஊர்ப் பெயர்கள் தெரிந்தன. நம் பக்கத்திலிருந்து போன தாள்களில் அவர்களுடைய தாத்தா பாட்டிகள் பினாங்கிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் கூச்சிங்கிலும் பிறந்ததாக இருந்தது. ஃபிஃபா தேடி எடுத்த மூலப் பிறப்புப் பதிவுகளில் அவர்கள் பிறந்த இடம் அர்ஜென்டினா, ஸ்பெயின், நெதர்லாந்து, பிரேசில். "தொழில்நுட்பத் தவறு" என்று சங்கம் விளக்கம் சொன்னது. நவம்பர் 3ஆம் தேதி மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இந்த விஷயத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சட்ட நுணுக்கம், புள்ளிகள் பறிபோகுமா, யார் பதவி விலக வேண்டும் என்று மலாய், ஆங்கில, தமிழ்ப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. நான் எழுத நினைப்பது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் நாற்காலியைப் பற்றி. அதில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி இந்த நாட்டில்தான் பிறந்தார். எந்தத் தோட்டம், எந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), எத்தனையாவது கதவு என்பது வரைக்கும் சொல்வார். அவரிடம் பிறப்புப் பத்திரம் கிடையாது. கையில் இருப்பது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் அடையாள அட்டை.

நாங்கள் இருப்பது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலாகங்சார் போகும் வழியில் இருக்கும் ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) தோட்டம், இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). உலகச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் வந்தது 1948இல். ஜூன் 16ஆம் தேதி இங்கே தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. பிறகு அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொகுதி என்ற பெயர். அதற்கப்புறம் 2008 மார்ச் 8, அப்போதைய அமைச்சர் சாமிவேலுவை எதிர்க்கட்சியின் டாக்டர் ஜெயகுமார் தோற்கடித்த இரவு. மற்றபடி எங்கள் ஊர் பத்திரிகையில் வருவது விபத்துக்கும் வெள்ளத்துக்கும் தேர்தலுக்கும்தான். அந்த 2008 இரவில் ஊரே தூங்கவில்லை. அப்பாயியும் தூங்கவில்லை. ஆனால் அவர் ஓட்டுப் போட்டவர் அல்ல. சிவப்பு ஐ.சி.க்கு ஓட்டு இல்லை.

அப்பாயி பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில். ஐ.சி.யில் 1943 என்று போட்டிருக்கிறது. அவருடைய அம்மா சொன்ன கணக்கை வைத்து யாரோ ஒரு கிராணி (குமாஸ்தா) எழுதிய வருஷம் அது. அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்கள் போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவர்களில் பல பேர் திரும்பவில்லை. எங்கள் கொள்ளுத் தாத்தாவும் திரும்பவில்லை. லயத்து மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தது. அரிசிக்கு மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தில், இருபது வயதில் தனியாய் நின்ற ஒரு பால்வெட்டுப் பெண் எந்த ஆபீஸுக்குப் போய் எந்தத் தாளில் கைநாட்டு வைப்பாள்?

அப்பாயியின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் தோட்டத்து செக்ரோல், அதாவது வேலையாட்கள் பதிவேடு. பதினாலு வயதில் வேலைக்குப் பேர் கொடுத்தார். மாதாமாதம் அந்தப் பெரிய புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை, எத்தனை ராத்தல் பால் என்று கிராணி எழுதுவார். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படி எழுதியிருக்கிறார்கள். தோட்டம் கைமாறி, கித்தா மரங்களைத் தள்ளி செம்பனை போட்டபோது பழைய ஆபீஸைக் காலி செய்தார்கள். செக்ரோல் புத்தகங்களை வெளியே கொட்டிக் கொளுத்தினார்கள். நான் அப்போது ஐந்தாம் படிவம். பள்ளி விட்டு சைக்கிளில் வரும்போது அந்தப் புகையைப் பார்த்தேன். என்ன எரிகிறது என்று இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

குடிமக்களுக்குத் தரும் நீல ஐ.சி.க்கு மூன்று முறை மனு போட்டோம். ஒரு முறை மலாய் மொழி நேர்காணல் வரைக்கும் போனது. அப்பாயிக்கு மலாய் நன்றாகவே வரும். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மக்சிக்களோடு, அந்த மலாய் அம்மாக்களோடு, அறுபது வருஷம் பேசிய மலாய். ஆனால் நேர்காணல் அறையில் கோட்டு போட்ட அதிகாரி உரக்கக் கேட்டதும் வாய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை, இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொன்னார். "இடம் சொன்னால் போதாது, தாள் வேண்டும்" என்றார்கள். தவறாகச் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. தாள் இல்லாமல் ஆபீஸ் நடக்காது. அதே தாளை வேறு யாருக்கோ கடல் கடந்து தேடிப் போய் எழுதிக் கொடுக்க முடிந்திருக்கிறது என்பதுதான் செப்டம்பரிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஆடிய பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளிநாட்டில் பிறந்தவர்கள் நம் சட்டை போடக் கூடாது என்ற கட்சியும் நான் இல்லை. அதே வியட்நாம் ஆட்டத்தில் நான்காவது கோலைப் போட்ட டியோன் கூல்ஸ் கூச்சிங்கில் பிறந்தவர். பெல்ஜியத்தில் வளர்ந்தார், அவ்வளவுதான். பிரெண்டன் கான் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அப்பா மலேசியர். 2018 அக்டோபரில் ஷா ஆலாமில் திரெங்கானுவோடு மலேசியக் கிண்ண இறுதியாட்டம். பேராக் தோற்றுவிட்டது என்று எங்கள் மாமாக் கடையில் பாதிப் பேர் எழுந்து தே தாரேக்குக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் கான் தலையால் முட்டி 3-3 ஆக்கினார். பெனால்டியில் பேராக் கிண்ணத்தைத் தூக்கியது. அன்றிரவு கானின் அப்பா எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. உண்மையான உறவு இருந்தால் அதற்கு ஒரு நிம்மதி இருக்கிறது. பொய்த் தாள் அந்த நிம்மதியைத்தான் கெடுத்துவிட்டது. இனிமேல் வரும் நல்ல பையனையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

சரி, இங்கே சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரில்லாமல் இந்தக் கதை நிற்காது.

சித்தப்பா அப்பாயியின் கடைசி மகன். பால்வெட்டு. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் பத்திரிகை படிப்பதில் பைத்தியம். தமிழ் ஓசை, பிறகு மலேசிய நண்பன், பிறகு மக்கள் ஓசை என்று பத்திரிகையாசிரியர் ஆதி. குமணன் எங்கே போனாரோ அங்கே சித்தப்பாவும் வாசகராய்ப் பின்னாலேயே போனார். குமணன் 2005இல் காலமானபோது வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. தமிழ் நேசனையும் விடமாட்டார். "பெரிய வீட்டோட பேசாம இருக்கலாமா?" என்பார்.

இந்தச் சித்தப்பாதான் எங்கள் வட்டாரத் தோட்டங்களின் காற்பந்து நிருபர். யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டங்களுக்கு இடையிலான எழுவர் காற்பந்து நடக்கும். சித்தப்பா கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவார். கையில் ஒரு 555 புத்தகம். மளிகைக்கடையில் கடன் கணக்கு எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். பென்சிலைக் காதில் செருகியிருப்பார்.

அந்தப் புத்தகங்களில் பதினேழு என்னிடம் இருக்கின்றன. இப்போதும் மேசையில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 1993ஆம் வருஷத்துப் புத்தகம். ஓரமெல்லாம் பால் கறை பட்டுக் கறுத்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஆட்டம். மேலே தேதி, எந்தத் திடல், மழையா வெயிலா. கீழே பேர்கள். பேர் என்றால் வெறும் பேர் இல்லை. பேர், அப்பா பேர், எந்த லயம், எந்தக் கால். "இடது கால், ஆனால் வலதில் ஆடச் சொல்கிறார்கள், பாவம்" என்று ஒருவனுக்கு நேரே எழுதியிருக்கிறார். இன்னொரு இடத்தில் "கோலி நல்ல பையன், ஷூ இல்லை." கோல் போட்டவனுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம். அடித்த நிமிஷம் தெரியாது, யார் கையிலும் கடிகாரம் கிடையாது; அதனால் "தண்ணி குடிச்சதுக்கு அப்புறம்", "மாடு உள்ள வந்ததுக்கு முன்னால்" என்று குறித்திருக்கிறார்.

ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து அதைப் பத்து வரியாக்குவார். அரைத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி, திங்கட்கிழமை வெட்டு முடிந்ததும் டவுனுக்கு சைக்கிள் மிதித்துப் போய்த் தபாலில் போடுவார். பின்னாளில் டவுனில் ஒரு கடையில் பேக்ஸ் வந்தது. ஒரு தாளுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள் என்று ஒரு மாதம் புலம்பினார். எட்டு, ஒன்பது நாள் கழித்து பத்திரிகையில் வரும். பல நேரம் நான்கு வரியாகச் சுருங்கியிருக்கும். ஒரு தரம் கோல் போட்டவன் பேரை மாற்றிப் போட்டுவிட்டார்கள். அந்தப் பையனின் அம்மா நறுக்கை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "என் புள்ள போட்ட கோலு தம்பி, ஊரே பாத்துச்சு!" சித்தப்பா அன்றைக்கே திருத்தம் எழுதிப் போட்டார். மூன்று வாரம் கழித்துத் திருத்தமும் வந்தது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு நறுக்கையும் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்.

அந்த நான்கு வரி என்ன வேலை செய்தது என்று இப்போது யோசித்தால்தான் புரிகிறது. ஒட்டுக்கடையில் பத்திரிகை வந்து விழுந்ததும் யாராவது உரக்கப் படிப்பார்கள். பேர் வந்த பையன் அன்றைக்கு பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்க) நிற்கும்போது தண்டல்கூட (மேற்பார்வையாளர்கூட) ஒரு நிமிஷம் அவனைப் பார்ப்பார். ஈப்போவில் ஒரு கிளப்புக்கு ஆள் பிடிக்கிறவர் ஒருவர் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் எங்கள் திடலுக்கு இரண்டு முறை வந்தார். அதில் ஒரு பையன் போய்ச் சேர்ந்தான். மூன்று வருஷம் ஆடினான். பெரிய ஆளாக வரவில்லைதான். ஆனாலும் போனான்.

அந்த வருஷங்களில் எங்களுக்கு உயரத்தில் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் பற்றிப் பெரியவர்கள் சொல்லித் தீராது. 1988இல் சாலை விபத்தில் போய்விட்டார்; அவர் பிடித்த பந்துகளை நேரில் பார்க்காத என் வயதுப் பிள்ளைகள்கூடக் கோலியாக நின்றால் "நான் ஆறுமுகம்" என்றுதான் சொல்வோம். 1998 செப்டம்பரில் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கினார். அடுத்த நாள் செம்மண் ரோட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தோம். 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த அணி இந்தோனேசியாவை வென்று சுசுகி கிண்ணத்தை எடுத்தபோது, அரசாங்கம் 31ஆம் தேதி பொது விடுமுறை விட்டது. சித்தப்பா அதையும் 555இல் எழுதியிருக்கிறார். ஆட்டக்காரர் பட்டியலில் குணாலன், குருசாமி இரண்டு பேருக்கு அடியிலும் கோடு. பக்கத்தில், "இவர்கள் எந்தத் திடலில் ஆடிப் பழகினார்கள் என்று யாராவது எழுதினால் நல்லது."

அந்த வரியை நான் பல தரம் படித்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு எப்போதும் அதுதான் கேள்வி. பையன் யார், எங்கிருந்து வந்தான், யார் மகன், எந்த மண்ணில் ஓடிப் பழகினான்.

எங்கள் திடல் 2003 வாக்கில் போயிற்று. தோட்டத்தில் பாதியை வீடமைப்புக்கு விற்றார்கள். லயத்து ஆட்கள் டவுன் ஓரத்துத் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) அடுக்குமாடிக்கும் வந்தோம். வீடு வசதிதான், குறை சொல்ல மாட்டேன். குழாயில் தண்ணீர், தனிக் கழிப்பறை. திடல் மட்டும் இல்லை. தாமான் வரைபடத்தில் விளையாட்டுத் திடல் என்று பச்சையில் காட்டிய இடத்தில் ஒரு ஊஞ்சலும் சறுக்கும் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் குறைந்தன. சித்தப்பாவின் புத்தகத்திலும் பக்கங்கள் வெறுமையாகின்றன. 2011 புத்தகத்தில் மொத்தம் ஐந்து ஆட்டம்.

2019 ஜனவரி 31ஆம் தேதி தமிழ் நேசனின் கடைசி இதழ். 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய பத்திரிகை, இன்னும் ஐந்து வருஷம் ஓடியிருந்தால் நூறைத் தொட்டிருக்கும். சித்தப்பா இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றைப் பிரிக்கவே இல்லை. அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். பிரிக்காத அந்தப் பிரதி 555 புத்தகங்களோடு மைலோ டின்னில் இருக்கிறது.

இப்போதும் தமிழ் நாளிதழ்கள் வருகின்றன. மின்னல் பண்பலையில் செய்தி கேட்கிறேன். ஆனால் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் லிவர்பூல், மான்செஸ்டர். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளை மாநிலக் குறுக்கோட்டத்தில் இரண்டாவதாக வந்தால், அதைத் தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளையின் தாய்மாமன் வாட்ஸ்அப் குழுவில் நாமும் இருக்க வேண்டும். நிருபர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே ஆள் மாநிலம் முழுவதும் ஓடுகிறார், பெட்ரோல் காசு அவர் பையிலிருந்து. ஆனாலும் ஒரு ஊரில் யார் நன்றாக ஓடுகிறான், யார் நன்றாகப் பந்து ஆடுகிறான் என்று அந்த ஊருக்கு வெளியே ஒரு வரி எழுதப்படவில்லை என்றால், ஆள் தேடுகிறவர்கள் எங்கே பார்ப்பார்கள்? எழுதப்படாத இடத்தில் ஆளே இல்லை என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் தாத்தாக்களை வெளிநாட்டில் தேடுவார்கள்.

நம் பையன்கள் ஆடினால் வியட்நாமை 4-0 என்று வென்றிருப்போமா என்று என் நண்பர் கேட்டார். வென்றிருக்க மாட்டோம், தெரியும். ஒருவேளை தோற்றிருப்போம். ஆனால் அந்தத் தோல்வி நம்முடையதாக இருந்திருக்கும்; அதை வைத்துக்கொண்டு அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கலாம். பையன்களுக்குப் பன்னிரண்டு வயதில் நல்ல பயிற்றுநர் வேண்டும், திடல் வேண்டும், ஈப்போவுக்குப் போய்வர வேன் வேண்டும். அவ்வளவும் சேர்த்தாலும் ஒரு ஊருக்கு ஆகும் செலவு ஃபிஃபா போட்ட அபராதத்தின் பக்கத்தில்கூட வராது.

செப்டம்பர் செய்தியை அப்பாயிக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் என் மகன்தான் சாப்பிடும்போது போட்டு உடைத்துவிட்டான். "பாட்டி, அந்தக் கோல் போட்டவங்க எல்லாம் பொய்யாம். அவங்க தாத்தா பாட்டி இங்க பொறக்கவே இல்லையாம்."

அப்பாயி கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு சூராட் யாருப்பா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். சூராட் என்றால் பத்திரம்.

"தெரியல அப்பாயி. விசாரிக்கிறாங்க."

"என்னய ஏன் எழுதல?"

நான் எழுந்து போய்க் கை கழுவினேன். வேறென்ன செய்ய?

அந்த வாரம் டவுனில் ஒரு கடைக்குப் போய் 555 புத்தகம் இரண்டு வாங்கினேன். இன்னும் விற்கிறார்கள், அளவு அதே அளவு, தாள்தான் மெலிந்துவிட்டது. எங்கள் தாமானுக்குப் பின்னால், செம்பனை ஓரத்தில் பையன்களே சரி செய்த ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கம்பம் நட்டிருப்பது பழைய தண்ணீர்க் குழாயில். மழை பெய்தால் ஒரு மூலை குளம். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஆடுகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதலில் வட்டிக்காரன் என்று நினைத்துப் பையன்கள் பயந்தார்கள். இப்போது அவர்களே வந்து, "அங்கிள், அது அவன் கோல் இல்ல, என் கால்ல பட்டுத்தான் போச்சு" என்று திருத்துகிறார்கள். வாரத்துக்கு ஒரு செய்தி எழுதி வாட்ஸ்அப்பில் ஒரு தமிழ் நாளிதழ் நிருபருக்கு அனுப்புகிறேன். பதினொரு வாரத்தில் மூன்று வந்திருக்கிறது. மூன்றாவது செய்தி ஆறு வரி.

அந்தப் பையன்களில் ஒருவனை நான் தனியாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பதினாலு வயது. இடது கால். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்துவிடுவான். அதைச் சொல்லிக்கொடுத்து வராது. மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் அவசரப்பட மாட்டான். ஈரத் தரையில் பந்து நின்று நின்று போகும் என்று கணக்குப் போட்டு, ஒரு சுண்டு கூடுதலாகச் சுண்டி அனுப்புவான். போன வருஷம் ஈப்போவில் ஒரு வயதுப்பிரிவு அணிக்கு ஆள் எடுத்தார்கள். அறிவிப்பு இங்கிலீஷில் பேஸ்புக்கில் வந்தது. இவன் வீட்டுக்குத் தெரிந்தபோது தேதி முடிந்துவிட்டது. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இந்த வருஷம் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா எழுதியது போலவே எழுதுகிறேன். பேர், அப்பா பேர், எந்தக் கால். லயம் இல்லை, அதனால் வீட்டு நம்பர். அதற்குப் பக்கத்தில் நான் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறேன்: தாத்தா பாட்டி பிறந்த இடம். முக்கால்வாசிப் பையன்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்புகிறேன். சிலர் மறந்துவிடுகிறார்கள். சிலர் அடுத்த வாரம் ஓடி வந்து, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் சொல்கிறார்கள்: சித்தியவான், பாகான் செராய், ஒருவனுக்கு கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம்.

போன ஞாயிறு மழை. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லாரும் செம்பனை அடியில் ஒதுங்கினோம். அந்த இடது கால் பையன் சட்டையைப் பிழிந்துகொண்டே என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அங்கிள், பாட்டிகிட்ட கேட்டேன்."

புத்தகத்தை மழை படாமல் மடக்கிப் பிடித்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். எங்கள் தோட்டத்துப் பெயரைச் சொன்னான்.

"எந்த லயமாம்?"

"மூனாவது லயம். கடைசிக் கதவு. உங்க அப்பாயி வீட்டுக்கு ரெண்டு கதவு தள்ளியாம். அவங்கள நல்லா தெரியுமாம், கேட்டதா சொல்லச் சொன்னாங்க."

மூன்றாவது லயம், கடைசிக் கதவு என்று எழுதினேன். வீட்டுக்குப் போய் அப்பாயியிடம் சொன்னதும், அந்தப் பாட்டியின் பேரை நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.